தேர்தற் சீர்திருத்தமும் கொழும்புத் தமிழர் ஐயமும்

சீர்திருத்தம் என்னும் சொல் செவிக்கு இனியது. சீர் என்பதும் திருத்தம் என்பதும் தனித்தனியே நல்லன வாதலின், இரண்டுஞ் சேர்ந்தவிடத்து அதனை மறுத்துரைப்போர் சீர்கேட்டை விரும்புவோர் போலத் தோன்றுதல் இயல்பு. இலங்கையின் தேர்தல் முறையைத் திருத்தல் வேண்டுமெனப் பேசப்படும்போதெல்லாம் இந்நிலையே நேர்கின்றது. திருத்த வேண்டுமென்போர் மேடையில் நிற்கின்றனர். யாருக்காகத் திருத்தம், யார் கையால் திருத்தம் என வினவுவோர் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கின்றனர். அவ்வோரத்தில் நிற்போருட் சிறுபான்மையினர் பலர். அவருள்ளும் கொழும்புத் தமிழர் தனியே வைத்து எண்ணத் தக்கவர்.

யாழ்ப்பாணத்தில் எம்முறையைக் கையாண்டாலும் தெரிவாவோர் பெரும்பாலும் தமிழராகவே இருப்பர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழும் தமிழர் நிலை அத்தகையதன்று. அவர் தெருக்களிற் செறிந்தும் தொகுதிகளிற் சிதறியும் வாழ்வோர். எல்லைக்கோடு இரண்டு தெரு வடக்கே சென்றால் அவர் வாக்கு வலிமை பெறும். இரண்டு தெரு தெற்கே சென்றால் அது கணக்கில் மறையும். ஆகலின் ஒரு தேர்தல் முறையின் இயல்பை அறிய விரும்புவோன், அது கொழும்புத் தமிழரை என் செய்கின்றது என நோக்குதல் தகும். உரைகல் சிறிதாயினும் பொன்னின் மாற்றைக் காட்டுமன்றோ?

இவ்வையம் நேற்றுத் தோன்றியதன்று. 1833ஆம் ஆண்டில் கோல்புறூக் குழுவினரின் பரிந்துரையை யொட்டி அமைந்த சட்டநிரூபண சபையிலே உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்க்கு ஆறிடங்கள் வைக்கப்பட்டன. ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர் என்பது பங்கீடு. 1889இல் கண்டிச் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் ஒவ்வோரிடம் சேர்ந்தது. அனைவரும் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டவரே. கற்ற இலங்கையர்க்கெனத் தேர்தலாசனம் ஒன்று முதன்முதல் வந்தது 1911இல். அதன் வாக்காளர் ஆங்கிலங் கற்ற ஆடவர் சிலர். அவருட் பெரும்பான்மையினர் சிங்களவர். வென்றவரோ பொன்னம்பலம் இராமநாதன். இன ஒற்றுமைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் உளர். ஆயின், எதிர்த்து நின்ற டாக்டர் மார்க்கஸ் பெர்னாந்து வெல்லலாகாது எனச் சிங்களவருள் ஒரு சாரார் கொண்ட சாதிப்பிணக்கும் அவ்வெற்றிக்குத் துணைசெய்தது என்பதை வரலாற்றாசிரியர் மறைத்திலர். ஒற்றுமையின் பெயரால் நினைவிற் கொள்ளப்படும் தேர்தல்கள் சிலவற்றின் உட்புறம் இத்தகையது.

பத்தாண்டுகள் கழியுமுன் அவ்வொற்றுமை சோதனைக்குள்ளாயிற்று. சோதனை நிகழ்ந்த களம் கொழும்பே. 1918ஆம் ஆண்டின் இறுதியில் ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் மேல் மாகாணத்திலே தமிழர்க்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுதற்குத் தாம் துணை நிற்பதாக எழுத்தில் உறுதி தந்தனர். இனவாரிப் பிரதிநிதித்துவத்தைக் கைவிட்டுப் பிரதேசவாரித் தேர்தலை ஏற்றல் வேண்டுமெனச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் யாழ்ப்பாணத்தாரை இணங்கச் செய்தது இவ்வுறுதியைக் கையிற் கொண்டே. 1919 டிசம்பரில் இலங்கைத் தேசியக் காங்கிரசு பிறந்தது. அதன் முதற் றலைவர் அவரே. 1921இல் புதிய சபைக்குத் தேர்தல் வந்தது. மேல் மாகாணத் தமிழாசனம் வந்திலது. கொழும்பு நகராசனம் ஜேம்ஸ் பீரிசுக்காயிற்று. அருணாசலம் தாம் தோற்றுவித்த காங்கிரசினின்றும் விலகினார். தமிழர் மகாசன சபை அவ்வாண்டிலேயே எழுந்தது.

ஓர் ஆசனத்தின் பொருட்டுத் தேசிய இயக்கம் பிளவுபடுதல் தகுமா எனக் கேட்போர் உளர். தலைவரிடையே நேர்ந்த பதவிப் பூசலாக மட்டும் அதனைச் சுருக்கிக் காட்டுவோரும் உளர். இரண்டும் நுனிப்புல் மேய்தலே. ஆசனம் ஒன்றாயினும், அதனாற் சோதிக்கப்பட்டது உறுதிமொழி. பழைய ஏற்பாட்டை முதலிற் கைவிடுக, புதிய ஏற்பாட்டிற் குறையிருப்பின் பின்னர் நிரப்புவோம் என்பதே 1918இல் தமிழர்க்குக் கூறப்பட்டதன் சாரம். கைவிடுதல் நடந்தது, நிரப்புதல் நடந்திலது. அடுத்த யாப்பின்கீழ் 1924இல் மேல் மாகாணத் தமிழாசனம் வந்தே சேர்ந்தது. ஆயின் அவ்வாண்டு சனவரியிலேயே அருணாசலம் காலமாகி விட்டார். 1931இல் டொனமூர் யாப்பு இனவாரி ஆசனங்களை அறவே நீக்கியபோது அதுவும் ஒழிந்தது. அதன் ஆயுள் ஏழாண்டே.

ஈண்டு ஒன்று கூறாது விடின் ஆய்வு ஒருபாற்கோடியதாகும். ஐயமெல்லாம் அறிவின்பாற் பட்டதன்று. டொனமூர்க் குழுவினர் ஆண் பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை வழங்க முன்வந்தபோது அதனை வன்மையாக எதிர்த்தவருள் இராமநாதனும் ஒருவர். கல்வியும் உடைமையும் இல்லார் கையில் வாக்கு நல்கல் தீதென்பது அவர் போன்றோர் கொள்கை. காலம் அக்கொள்கையைப் பொய்யாக்கிற்று. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் இத்தீவில் வேரூன்றியது எளியவர் வாக்குப் பெற்ற பின்னரே. ஆகவே ஐயத்தை இருவகைப்படுத்தல் வேண்டும். தம்மிடமிருக்கும் சலுகை போய்விடுமே என்னும் ஐயம் ஒன்று. தமக்குரிய உரிமை வந்துசேருமோ என்னும் ஐயம் மற்றொன்று. கொழும்புத் தமிழரிடை இவ்விரண்டும் கலந்தே கிடந்தன. மேல் மாகாணத் தமிழாசனம் கிடைத்த காலத்தும், ஜிந்துப்பிட்டியில் மூட்டை சுமந்தவனுக்கு அதில் வாக்கிருந்ததில்லை.

சோல்பரி யாப்பு அமைந்த காலத்து ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஐம்பதுக்கைம்பது கேட்டதும் ஆணைக்குழுவினர் அதனை மறுத்ததும் பலரும் அறிந்தன. மறுத்தவர் வெறுங்கையராய் அனுப்பினாரல்லர். 75,000 மக்களுக்கு ஓர் ஆசனம், ஆயிரஞ் சதுரமைலுக்கு மேலும் ஓர் ஆசனம் என ஒரு கணக்கினைத் தந்தனர். பரப்பின் பொருட்டு வந்த ஆசனங்கள் 25. மக்கள் அடர்த்தி குறைந்த வடக்கும் கிழக்கும் இதனாற் பயனடையும் என்பது எண்ணம். எண்ணம் ஒரு வழிச் சென்றது. சட்டம் மறுவழிச் சென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்தன. ஆயினும் தொகுதி வகுக்குங்கால் அவர் தலைகள் எண்ணப்பட்டே வந்தன. தலை எண்ணப்பட்டது, வாக்கு எண்ணப்படவில்லை. அதனால் அம்மாவட்டங்களில் எஞ்சிய வாக்காளர் தம் தொகைக்கு மிஞ்சிய ஆசனங்களைப் பெற்றனர். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் அமர்ந்திருந்த சபையிலே 1952இல் அக்காங்கிரசின் உறுப்பினர் ஒருவரேனும் இலர். யாப்பில் ஓரெழுத்தும் மாறவில்லை என்பது கருதத்தக்கது.

அக்காலத்துக் கொழும்பை நோக்குவார்க்கு இரண்டு தொகுதிகள் கண்ணிற் படும். ஒன்று வெள்ளவத்தை - கல்கிசை. 1947இலும் 1956இலும் அங்கு வென்றவர் சமசமாசக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. ஓரங்கத்தவர் தொகுதியிலே தமிழர் தம்மவர் ஒருவரை அனுப்ப இயலாதாயினும், இரு மொழிக்கும் சம உரிமை வேண்டிப் பேசும் ஒருவர் வெல்வதற்குத் துணையாகலாம் என்பதற்கு அது காட்டு. அவரே 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பை ஆக்குதற்குப் பொறுப்பான அமைச்சராயிருந்தார் என்பதும், அதில் மொழிச் சமத்துவம் இடம்பெறவில்லை என்பதும் அதே காட்டின் மறுபக்கம். பிறர் வாயிலாகப் பேசுவோர்க்கு நேரும் இடர் இது.

மற்றையது கொழும்பு மத்தி. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாய தெருக்களையும் புறக்கோட்டையை யடுத்த பகுதிகளையும் தன்னகத்துக் கொண்ட அத்தொகுதிக்கு மூன்று உறுப்பினர். வாக்காளன் ஒவ்வொருவனுக்கும் மூன்று வாக்கு. அவற்றை அவன் மூவர்க்குப் பகிரலாம். ஒருவர்க்கே குவிக்கவும் செய்யலாம். சிறுபான்மையோர் தம் வாக்கையெல்லாம் ஒருவர்மேற் குவிப்பின் மூன்றிலோரிடம் அவர்க்குக் கிட்டும் என்பது இதன் நுட்பம். 1947இல் அங்கு தெரிவானோரைக் காண்க. ஸாஹிராக் கல்லூரியின் அதிபராயிருந்த மலாயர் ரி. பி. ஜாயா, பறங்கியரும் கொமியூனிஸ்டுமாகிய பீற்றர் கெனமன், தொழிலாளர் தலைவரான சிங்களவர் ஏ. ஈ. குணசிங்க. முப்பதாண்டுக்குப்பின் 1977இல் தெரிவானோர் ஆர். பிரேமதாச, ஜாபிர் ஏ. காதர், ஹலீம் இஷாக். நாடெங்கும் ஐக்கிய தேசியக் கட்சிப் பேரலை வீசிய அவ்வாண்டிலே, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியார்க்கு வாய்த்த எட்டு ஆசனங்களுள் ஒன்று இத்தொகுதியின் மூன்றாமிடம். பேரலைக்கும் முழுதும் பணியாத ஒரு தொகுதி அது. விகிதாசாரம் என்னும் சொல் இலங்கைச் சட்டத்திற் புகுமுன்னரே அதன் பயனிற் செம்பாதியைக் கொழும்பு மத்தி நல்கியிருந்தது எனின் மிகையாகாது.

அவ்விரு தேர்தல்களிலும் வென்ற மூவருள் தமிழர் ஒருவரும் இலர் என்று மறுப்புரைப்பார் கேட்பது முறையே. அதற்கு விடை தேர்தல் முறையில் இல்லை. வாக்காளர் இடாப்பில் உள்ளது. துறைமுகத்திலும் மாநகர சபையின் துப்புரவுப் பணியிலும் உழைத்த இந்திய வமிசாவளித் தமிழர் பலர் குடியுரிமையின்றி இடாப்புக்குப் புறத்தே நின்றனர். உத்தியோக நிமித்தம் வெள்ளவத்தையில் வாழ்ந்த யாழ்ப்பாணத்தார் பலர் தம் பெயரை ஊரிலேயே பதிந்து வைத்திருந்தனர். வாழ்வது கடலோர வீதியில், வாக்கு வலிகாமத்தில். இந்நிலையில் முறை எத்துணைச் செவ்விதாயினும் பயன் யாது? தேர்தல் முறை பற்றிய வாதங்களிலே இடாப்புப் பற்றிய பேச்சு அருகியே கேட்கப்படுதல் வியப்புக்குரியது.

இனி 1978க்கு வருதல் வேண்டும். ஓரங்கத்தவர் தொகுதி முறையின் கோணலைக் காட்ட 1970, 1977ஆம் ஆண்டுத் தேர்தல்கள் இரண்டும் அமையும். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 37.9 வீத வாக்குப் பெற்று 17 ஆசனங்களையே கொண்டது, 36.9 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 91. ஏழாண்டின் பின் 50.9 வீதம் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140, 29.7 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 8. நூற்றுக்கு ஏழு வீதமும் எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனத்தோடு எதிர்க்கட்சியாயிற்று. இத்தகைய கணக்கைக் கண்டோர் விகிதாசாரம் வேண்டுமென்றது நேரிதே. ஆயின் அதனைத் தந்தவர் கோணலாற் பெரும்பயன் பெற்றவர் என்பதும், அதனைப் பாராளுமன்றத் தேர்தலிற் கையாள அவர் அவசரப்படவில்லை என்பதும் மறக்கற்பாலனவல்ல. 1982 டிசம்பர் 22ஆம் நாள் நடந்த மக்கள் தீர்ப்பினால் பழைய முறையில் வந்த பாராளுமன்றம் மேலும் ஆறாண்டு நீட்டப்பட்டது. விகிதாசார முறையிலமைந்த முதற் பாராளுமன்றம் 1989இலேயே கூடிற்று.

தொடக்கத்தில் வைத்த வெட்டுப்புள்ளி மாவட்ட வாக்கில் எட்டிலொரு பங்கு, அஃதாவது 12.5 வீதம். கொழும்பு மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழப் பத்திலொரு பங்கினர். ஒருவர் விடாது அனைவரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தாலும் அவ்வேலியைத் தாண்டல் அரிது. எம். எச். எம். அஷ்ரப் விடாது வற்புறுத்தியதன் பயனாக 1988 டிசம்பரில் பதினைந்தாந் திருத்தம் அதனை 5 வீதமாகக் குறைத்தது. கிழக்கு முஸ்லிம்களின் பொருட்டு எழுந்த அக்கோரிக்கை கொழும்புத் தமிழர்க்கும் வாயில் திறந்தது. விகிதாசாரம் என்னும் பெயர் ஒன்றேயாயினும், 12.5 என்னும் எண்ணோடு வருவது வேறு, 5 என்னும் எண்ணோடு வருவது வேறு என்பதை இதனால் அறிக.

பின்வந்த காலத்துக் கொழும்பு மாவட்டத்திலிருந்து தமிழர் பாராளுமன்றஞ் செல்லுதல் புதுமையன்றாயிற்று. மனோ கணேசன் 2001இல் தெரிவானார், பின்னரும் தெரிவானார். தி. மகேஸ்வரன் 2004இல் தெரிவானார். அருணாசலத்தின் தந்தையார் நிறுவியதும் தமையனார் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கியதுமாகிய கொழும்புப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்திலே, 2008 சனவரி முதல் நாளன்று வழிபட்டு நின்ற மகேஸ்வரன் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆசனத்தைப் பெறும் வழியைத் தேர்தல் முறை தரும். அமர்ந்திருக்கும் வழியை அது தாராது.

இம்முறையின் குற்றங்களும் சிறியவல்ல. விருப்பு வாக்கின் பொருட்டு ஒரே கட்சியார் தம்முட் பகைத்தலை நாடே கண்டது. கொட்டாஞ்சேனையில் வாழும் வேட்பாளன் அவிசாவளை வரை சுவரொட்டி ஒட்டுதல் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணந் தந்தவன் பின்னர்த் திருப்பிக் கேட்பான். செய்தித்தாள்களோ விருப்பு வாக்குப் பட்டியலைத் துடுப்பாட்ட ஓட்டக் கணக்குப் போல அச்சிட்டு, முதலாவது வந்தவர் யாவர் என்பதிலேயே வாசகர் கருத்தை நிறுத்தின. அவ்வாக்குக்கு ஆன செலவு யாது என எழுதியவர் சிலரே. தொகுதிக்கென ஓர் உறுப்பினன் இல்லாமையால், வீட்டுக் கூரை ஒழுகுகின்றது என்று சொல்லப் போவானுக்கும் வாயில் இல்லாதாயிற்று. தொகுதி முறைக்கு மீள வேண்டுமென்போரின் வலிய வாதம் இதுவே. அதனை இலேசாகத் தள்ளுதல் நேர்மையாகாது.

சிறுபான்மைத் தலைவர் பலர் விகிதாசாரத்தைத் தம் காப்பரண் எனக் கொள்கின்றனர். அவ்வரணையும் தட்டிப் பார்த்தல் வேண்டும். மூன்றிலிரண்டு பெரும்பான்மை இனி எவர்க்கும் எளிதிற் கிட்டாது என்பது ஒரு காலத்து நம்பிக்கை. 2010இல் 225இல் 144 ஆசனம் பெற்ற கூட்டணி, எதிரணியிலிருந்து சிலரைத் தன்பால் இழுத்து அவ்வாண்டு செப்டெம்பரிலேயே பதினெட்டாந் திருத்தத்தை நிறைவேற்றிற்று. கொழும்பிலே எதிரணிப் பட்டியலில் தெரிவான தமிழ் உறுப்பினர் ஒருவரும் அவ்வாண்டில் அரசின் பக்கஞ் சென்றார். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 61.56 வீத வாக்குப் பெற்று 159 ஆசனங்களைக் கொண்டது. இழுக்க வேண்டிய தேவையும் இருந்திலது. கொழும்பு மாவட்டத்தின் 18இல் 14 அதற்கு, 4 ஐக்கிய மக்கள் சக்திக்கு. அந்நால்வருள் மனோ கணேசன் இலர். அவர் தேசியப் பட்டியல் வழியாகவே சபை புகுந்தார். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தை நோக்கின் மற்றொரு பாடம் தெரியும். 196 ஆசனங்களுள் 36, மாகாணத்துக்கு நான்காகப் பகிரப்படுவன. எஞ்சிய 160உம் பதிந்த வாக்காளர் தொகைக்கேற்ப மாவட்டங்கட்குச் செல்வன. போரால் மக்கள் பெயர்ந்தமையின், அம்மாவட்டத்துக்கு 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6 என ஆசனங்கள் குறைந்துகொண்டே வந்தன. இதனை எவரும் சட்டஞ் செய்து குறைத்திலர். கணக்கு குறைத்தது. மலையகத்தில் வாக்கின்றித் தலை எண்ணிய கணக்கு ஒரு காலம். வடக்கில் ஊரிலில்லாத் தலையை நீக்கிய கணக்கு மற்றொரு காலம்.

இவ்விரண்டு முறைக்கும் இடைப்பட்டதாகக் கலப்பு முறை வந்தது. 2012ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களில் வட்டாரத்தை மீட்டது. 2017இல் வட்டாரம் 60, பட்டியல் 40 என்னும் விகிதம் வகுக்கப்பட்டது. பெண்களுக்கு நாலிலொரு பங்கு வைத்தமை இதன் நன்மை. அதனை ஐயுறுவோரும் ஒத்துக்கொள்வர். 2018 பெப்ரவரி 10ஆம் நாள் தேர்தல் நடந்தபின் நாடெங்கும் உறுப்பினர் தொகை ஏறத்தாழ 4,500இலிருந்து 8,300க்கு மேற் சென்றது. பாராளுமன்ற உறுப்பினர் 225 பேர் மிகையென முறையிடும் நாட்டிலே, செலவைக் குறைக்க வந்த திருத்தம் மூவாயிரத்துக்கும் மேலாக உறுப்பினரைப் பெருக்கியது நகைப்புக்கிடமானது. கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களிலே 2025 மே மாதத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 48, ஐக்கிய மக்கள் சக்திக்கு 29, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13. பாதியைத் தொட்டவர் எவருமிலர். முதல்வரை யாரெனத் தீர்மானித்தது சபைக்குள் நடந்த இரகசிய வாக்கெடுப்பு, 61க்கு 54. வாக்காளன் தன் வட்டாரத்து உறுப்பினனை அறிந்தான். அவ்வுறுப்பினன் முதல்வர் பதவிக்கு யாரை ஆதரித்தான் என்பதை அறிந்திலன். தொகுதி முறைக்குக் கூறப்படும் நன்மை பொறுப்புடைமை. அது வாயிலோடு நின்றுவிட்டது.

எனினும் உள்ளூராட்சியிலே தேர்தலாவது நடந்தது. மாகாண சபைகளின் கதை வேறு. ஐயுறுவோர் கூற்றுக்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

2017ஆம் ஆண்டில் மாகாண சபைத் தேர்தற் சட்டத்துக்கு ஒரு சட்டமூலம் கொணரப்பட்டது. வேட்புமனுக்களிற் பெண்களுக்கு முப்பது வீதம் இடம் நல்குதல் அதன் நோக்கம். செப்டெம்பர் 20ஆம் நாள் குழுநிலையில் அது உருமாறிற்று. தொகுதி பாதி, பட்டியல் பாதி எனத் தேர்தல் முறையையே மாற்றும் திருத்தங்கள் அதனுட் புகுத்தப்பட்டு அன்றே மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறின. அதுவே 17ஆம் இலக்கச் சட்டம். ஒரு பொருள் குறித்துக் கொணர்ந்த மூலத்தைக் குழுநிலையிற் பிறிதொன்றாக்குதல் எத்தகைய சட்டமியற்றல் என்னும் கேள்வி நிற்க. சிறுபான்மைக் கட்சிகளும் பாதிக்குப் பாதி என்னும் விகிதத்தைப் பெற்று அமைந்து, அதற்குத் துணை நின்றன. விகிதத்துக்காகப் பேரம் பேசியவர் காலத்துக்காகப் பேசிலர். 1921ஐ மறந்தார் போலும்.

தொகுதி முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை வகுத்த குழுவின் அறிக்கை 2018 ஆகஸ்டு 24ஆம் நாள் பாராளுமன்றத்தில் வாக்குக்கு விடப்பட்டது. எதிராக 139 வாக்கு, சார்பாக ஒன்றுமில்லை. அதனைச் சபையிற் சமர்ப்பித்த அமைச்சரும் அதற்கு வாக்களித்திலர். சட்டப்படி பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு அமைக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் வர வேண்டிய அறிக்கை வந்திலது. பழைய முறைப்படி நடத்தலாமெனின் அச்சட்டம் நீக்கப்பட்டது. புதிய முறைப்படி நடத்தலாமெனின் எல்லை இல்லை. பழைய முறையில் நடத்தவியலாது என்றே 2019இல் உயர் நீதிமன்றமும் கருத்துரைத்தது. 2013இல் முதன்முதலாக மக்கள் தெரிவு செய்த வட மாகாண சபை 2018 அக்டோபரிற் கலைந்தது. 2019 முடியுமுன் ஒன்பது மாகாணங்களிலும் சபையில்லை. சனாதிபதி நியமித்த ஆளுநர் கையில் ஆட்சி. தேர்தலை ஒழிக்க வேண்டுமென எவரும் சட்டமியற்றவில்லை. தேர்தலைத் திருத்தவே இயற்றினர்.

தமிழர் பழம்பெருமை பேசுவோர் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டாது விடார். நிலமுடைய அந்தணர் சபைக்குத் திருவுளச்சீட்டால் ஆளெடுத்ததை மக்களாட்சி எனல் சாலுமா என்பது தனியே ஆராயற்பாலது. ஆயின் அங்குள்ள கல்வெட்டு ஒன்றன்று, இரண்டு என்பதைப் பலர் கருதிலர். முதலாம் பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், 919இல், பொறித்த விதியைப் பதினான்காம் ஆண்டில், 921இல், திருத்தினர். உறுப்பினர்க்குரிய வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்தது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்றாயிற்று. இரண்டாவது கல்வெட்டிலே முப்பது குடும்பும், ஓலையிற் பெயரெழுதும் வகையும், குடத்தைக் குலுக்கும் வகையும், உள்ளிருப்பது யாதென அறியாத சிறுவனைக் கொண்டு எடுப்பிக்கும் வகையும், கணக்குக் காட்டாதாரும் அவர் உறவினரும் விலக்கப்படும் வகையும் ஒன்றொழியாது கூறப்பட்டுள்ளன. பழைய விதி நீங்கும்போதே புதியது முழுதும் கல்லில் இருந்தது. எல்லையைப் பின்னர் அறிவிப்போம் என ஒரு வரி அதில் இல்லை.

ஆகலின், தொகுதியா விகிதாசாரமா என்னும் வினாவை மட்டும் எழுப்பி அதில் ஒரு பக்கம் நின்று வாதிடுதல் கொழும்புத் தமிழர்க்குப் போதாது. முதல் வினா அதுவன்று. பழைய சட்டம் எந்நாளில் நீங்குகின்றது, புதிய எல்லை எந்நாளில் நிறைவாகின்றது, இடையில் தேர்தல் நேரின் எது செல்லும் என்னும் வினாக்கள் முந்துகின்றன. இவற்றுக்குச் சட்டத்தின் உள்ளேயே விடை எழுதப்படாவிடின், எவ்விகிதத்தைத் தந்தாலும் அதனை ஐயுறுதலே முறை. அதன்பின் முறை பற்றிப் பேசுங்கால், நகரத்தின் நடுவே முப்பதாண்டு வழங்கிய மூன்று அங்கத்தவர் தொகுதியை ஏட்டிலிருந்து எடுத்துப் பார்த்தல் நலம். வட்டாரத்தானுக்கு வாயிலும், சிறுபான்மையோனுக்கு இடமும் ஒருங்கே தந்த ஏற்பாடு இங்கேயே இருந்தது. 2007இல் தெரிவுக்குழுவின் இடைக்கால அறிக்கை 140 தொகுதி, 70 மாவட்ட விகிதாசாரம், 15 தேசியப் பட்டியல் என எண்ணிக் கொடுத்ததற்கும் முற்பட்டதாய், மேனாட்டு மாதிரி எதனையும் தேடிச் செல்ல வேண்டாததாய் இருந்தது. குடியுரிமைக் குறை பெரும்பாலும் நீங்கி, இடாப்பில் கொட்டாஞ்சேனைத் தமிழரும் வெள்ளவத்தைத் தமிழரும் தம் வதிவிடத்திலேயே பதிந்துள்ள இக்காலத்தில், 1947இல் அது தாராததை இன்று தருமா என்பது கணக்கிட்டு அறியத்தக்கது.

மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 மார்ச் 29ஆம் நாள். அன்று ஏழு வயதுப் பிள்ளையாய்த் தந்தையின் கைபிடித்து வாக்குச்சாவடி வாயில் வரை சென்றவர் 2025இல் பதினெட்டு வயது நிரம்பி இடாப்பிற் பெயர் பதிந்தனர். அவ்வாண்டிலும் மாகாண சபைக்கான வாக்குச்சீட்டு அவர் கைக்கு வந்திலது.